மேற்கல்லில் ஒட்டிய சீலை

எங்கள் மடத்தில் துறவிகள் இருந்ததை நான் பார்க்கவில்லை. என் தாயும் பார்க்கவில்லை, தாயைப் பெற்றவளும் பார்க்கவில்லை. அவர்கள் படுத்த அறைகளைத்தான் நாங்கள் பார்த்தோம். அந்த அறைகளில் யார் யாரோ வந்து இருந்தார்கள், என்னென்னவோ வந்து குவிந்தது. எல்லாம் போன பிறகு கூட்டித் துடைத்தது எங்கள் வீட்டுப் பெண்கள். கடைசியாகக் கூட்டியவள் நான்.

வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம், சூரியன் படுகிற பக்கம். வெல்லாவெளிக்குப் போகிற றோட்டை விட்டு வாவிப் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். கோயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மடம். இடுப்பளவுக்குக் கருங்கல், அதற்கு மேலே செங்கல். நடுவில் நீளமான கூடம், இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு அறை. ஒவ்வோர் அறையிலும் சுவரில் ஒரு விளக்குமாடம், படுக்க ஒரு கல்மேடை. அறை வாசல்கள் பதிவு, உயரம் இல்லை. ஊரில் குள்ளச்சி என்று பெயரெடுத்த நானே குனிந்துதான் போகவேண்டும். துறவியானாலும் தலை குனிந்தே உள்ளே போகவேண்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். இதைச் சொல்லும்போது என் தாய் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொல்வாள்.

"மண்டை இடிபட்டா எந்தச் சாமிக்கும் கோபம் வரும் மனே. அதாலதான் அவங்க அடிக்கடி வெளியில வாறல்ல."

அரசர் காலத்தில், கழுத்தில் சிவலிங்கம் கட்டிய துறவிகள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தார்கள் என்றும், அவர்களுக்கு அரசன் இந்த மடத்தையும் பின்னால் கிடக்கிற வட்டை வயலையும் கொடுத்தான் என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒருவேளைச் சோறு எங்கள் குடிப் பெண்கள் சமைத்தார்கள். பானையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே கால் வைக்கக்கூடாது.

குடி என்பது எங்கள் பக்கத்தில் தாய்வழி. பிள்ளை தாயின் குடி. வீடு பெண்பிள்ளைக்குச் சேரும். கோயில் பொறுப்பு ஆணுக்கு, ஆனால் அதுவும் தாய்வழியால்தான் வரும். கோயிலுக்குப் பொறுப்பானவரை வண்ணக்கர் என்போம். ஒரு வண்ணக்கர் கண்ணை மூடினால் அவருடைய மகன் வரமாட்டான், அவருடைய சகோதரியின் மகன் வருவான். என் தாயின் சகோதரன் வண்ணக்கராக இருந்தார். அவருக்குப் பிறகு என் தம்பி வந்தான். என் தம்பிக்குப் பிறகு வரவேண்டியவன் என் மகன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதற்குள்ளேதான் கிடக்கிறது.

துறவிகள் எப்போது போனார்கள், ஏன் போனார்கள் என்று தெரியாது. ஒல்லாந்தர் வந்தபோது மடம் நெல் அடைக்கிற கிட்டங்கியாகிவிட்டது. கூடத்தின் உத்தரத்தில் இன்றைக்கும் பெரிய இரும்பு வளையம் ஒன்று தொங்குகிறது, அதில் தராசைக் கட்டி நெல் நிறுத்தார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் கொலரா வந்து, நோயாளிகளைத் தோணியில் ஏற்றிவந்து எட்டு அறையிலும் கிடத்தினார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. போகாத இடத்தில் வௌவால் குடியிருந்தது. வௌவாலை விரட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். துறவிகளின் காலத்தில் பெண் கால் வைக்கக்கூடாத இடத்தில் நான் சிலேட்டும் கையுமாக ஓடினேன். தம்பி என்னை விட நான்கு வயது இளையவன். அவனைக் கொண்டுபோய் விட்ட முதல் நாள், என்னை விட்டால் அழுவான் என்று வாத்தியார் என்னையும் அவன் பக்கத்தில் இருத்தினார். அவன் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதவைத்தது நான். அவன் பிறகு மட்டக்களப்புக்குப் போய்ப் பெரிய படிப்புப் படித்தான். நான் வீட்டோடு நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியதும் மடம் சங்கக்கடையாயிற்று. கூப்பன் அரிசியும் மாவும் பருப்பும் கூடம் நிறைய அடுக்கியிருந்தது. பிறகு சூறாவளி வந்தது. ஊரில் ஒரு கூரையில்லை, ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. மடத்தின் ஓடும் பறந்தது, ஆனால் சுவர் அசையவில்லை. ஊரே அதற்குள் ஒடுங்கியது. எனக்கு மாதம் நிறைந்திருந்தது. வடக்குப் பக்கத்துக் கடைசி அறையில், ஒரு துறவி படுத்த கல்மேடையில், என் மகன் பிறந்தான். என் தாய் மழையில் நனைந்தபடி சொன்னாள், "பொம்புள மூச்சே படாத அறையாம். இப்ப பிள்ளப்பேறே பார்த்தாச்சு."

அதன் பிறகு யுத்தம். மடம் அகதிகள் இருக்கிற இடமாயிற்று. கூடத்தில் கயிறு கட்டி, கயிற்றில் சீலை போட்டு, ஒரு சீலைக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். அவர்கள் போனால் வேறு ஆட்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் போன பிறகு திறப்பால் பூட்டைத் திறந்து நான் உள்ளே கூட்டினேன். அதற்கு யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை, எதுவும் தரவும் இல்லை. எங்கள் குடிப் பெண் செய்யவேண்டிய வேலை, அவ்வளவுதான்.

இனி அந்தக் கல்லைச் சொல்கிறேன்.

மடத்தின் தலைவாசலுக்கு மேலே குறுக்காக ஒரு நீளக் கல் கிடக்கிறது. அதில் ஒரு மாடு படுத்திருக்கும், பக்கத்தில் லிங்கம், சூலம். அதற்குக் கீழே ஆறு வரி எழுத்து. எங்களுக்கு வாசிக்கத் தெரியாத பழைய எழுத்து. கிட்டங்கி வைத்தவனும் கொலரா நோயாளிகளைக் கொண்டுவந்தவனும் சங்கக்கடைக்காரனும் எல்லோரும் அதன் கீழேதான் போய்வந்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை.

யுத்த காலத்தில் பக்கத்து ஊரில், கோயில் வீதியில் நின்ற பழைய சிலைக் கல் ஒன்று காணாமல் போயிற்று. யாரோ லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். இன்னோர் ஊரில், எழுத்துக் கல் இருந்த இடத்தை இது எங்களுடையது என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்துபோனார்கள் என்றும் கதை வந்தது. தம்பி அப்போதுதான் வண்ணக்கராகியிருந்தான். என்னிடம் வந்தான்.

"அக்கா, கல்லை மூடிப் போடுவம். வெளியில தெரிஞ்சாத்தானே எடுப்பான்."

மூடச் சொன்னது அவன். அது உண்மை. அதை நான் ஒருநாளும் மறைக்கமாட்டேன்.

"எதால மூடுற?"

"சீமெந்தால."

"சீமெந்து போட்டா அது ஆயுசுக்கும் விடாது. மறுகா எப்படிடா எடுப்பாய்? உடைச்சா எடுப்பாய்?"

நான் ஒரு நாள் யோசித்தேன். மண்சுவர் மெழுகிப் பழகிய கை எனக்கு. எந்த மண் பிடிக்கும், எது வெடிக்கும், எதைக் கீழே வைத்தால் மேலே உள்ளது கழன்றுவரும் என்று தெரியும். அறுவடை நாளில், ஊர் முழுவதும் வட்டைக்குள் நின்ற ஒரு நடுப்பகலில், வேலையைச் செய்தோம். அவன் ஏணியைப் பிடித்தான், நான் ஏறினேன். கல்லைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். பச்சரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, எறும்பும் பூச்சியும் வராமல் வேப்பிலைச் சாறும் மஞ்சளும் கலந்து, அதைத் துணியில் தடவி, துணியைக் கல்லின் மேலே ஒட்டினேன். மாட்டின் கொம்பு, லிங்கத்தின் தலை, ஒவ்வொரு வரியின் பள்ளம், எல்லா இடமும் விரலால் அழுத்தினேன். அதற்கு மேலே புற்றுமண்ணும் உமியும் சாணியும். அது காய்ந்த பிறகு சிப்பிச் சுண்ணாம்பு. இரண்டு நாளில் அது மற்றச் சுவரைப் போல் ஆகிவிட்டது.

அந்தத் துணி என்னுடைய சீலை. காத்தான்குடித் தறிச் சீலை, நீலம், மஞ்சள் கரை. என்னிடம் அப்போது நல்ல சீலை இரண்டுதான் இருந்தது. பழையதில் ஒன்றைத் தரலாம் என்று அவன் சொன்னான். இற்றுப்போன துணி கல்லைத் தாங்காது என்று நான்தான் புதியதை எடுத்தேன். இரண்டு தடவை கட்டியிருப்பேன்.

வேலை முடிந்ததும் கர்ப்பூரம் கொளுத்தி, இதை நாங்கள் இருவரும் வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். காலம் சரியானதும் இருவரும் சேர்ந்து எடுப்பது என்றும் சொன்னோம்.

யுத்தம் முடிந்தது. "எடுப்பமா?" என்று கேட்டேன். "பொறு அக்கா, இப்ப வேணாம்," என்றான். இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன். "கோயில் வேலை நடக்குது, பொறு." அதற்குப் பிறகும் ஒரு தடவை கேட்டேன். "என்னத்த?" என்று கேட்டான். மறந்தே போனான். ஊரில் வயதானவர்கள் செத்தார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். இளம் ஆட்களுக்கு அந்த வாசலுக்கு மேலே ஒரு கல் இருக்கிறது என்பதே தெரியாது.

போன வருடத்துக்கு முந்திய வருடம் மட்டக்களப்பில் உள்ள அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். மடத்தைப் பழம்பொருள் காட்டுகிற நூதனசாலையாக்கப் போகிறார்கள், அதற்குக் காசு வந்திருக்கிறது, ஊரில் ஒரு குழு வேண்டும் என்றாள். தம்பி குழுவுக்குத் தலைவன். மடத்துத் தலைவாசலுக்கு முன்னால் கதிரை போட்டுக் கூட்டம் நடந்தது. பெண்கள் பின்னால் இருந்தோம். அந்தப் பிள்ளை ஒரு தாளை எடுத்து வாசித்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ மடத்தைப் பார்த்துவிட்டு எழுதிவைத்த குறிப்பு. வாசலுக்கு மேலே மாடும் லிங்கமும் உள்ள கல், ஆறு வரி எழுத்து, இது துறவிகளுக்கு விட்ட தர்மம், இதற்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கடைசி வரி.

"அந்தக் கல்லு இப்ப எங்க?" என்று கேட்டாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. "சாந்து பூசி மூடியிருக்கா? எழுத்துக் கல்லுக்கு மேல பூசுறது சட்டப்படி குற்றம். ஆர் செய்த?"

நான் தம்பியைப் பார்த்தேன். இதுதான் அந்த நாள், சேர்ந்து எடுக்கிற நாள், இப்போது எழும்பிச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். எழும்பினான்.

"மிஸ், அது குழுவுக்குத் தெரியாம நடந்த வேலை. பிரச்சினை காலத்தில ஆம்பிளையள் நாங்க ஊரில நிக்கவே இல்ல. மடம் கூட்டுற பொம்புள ஒராள், படிப்பறிவு இல்ல, வீடு மெழுகுற மாதிரி இதையும் மெழுகிப் போட்டா."

மடம் கூட்டுகிற பெண் ஒருத்தி. அக்கா என்றுகூட அவன் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊர் கூடியிருக்கிற இடத்தில் தம்பியைப் பொய்யன் ஆக்குகிற வீட்டில் நான் பிறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொல்வான், பயத்தில் சொல்லிவிட்டான், நாளைக்குப் போய்த் திருத்துவான் என்று நினைத்தேன். அவன் வரவில்லை.

அன்றைக்கு வந்த கெட்ட பெயர் எட்டு மாதம் என்னோடு இருந்தது. கடைக்குப் போனால் கடைக்காரி கேட்பாள், "என்ன கா, இண்டைக்கு என்னத்த மெழுகப் போறாய்?" வாவிக் கரையில் மீன் வாங்க நின்றால், "கிட்ட நிக்காத, பசுக்கொன்ற பாவம் ஒட்டும்" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதால் பகிடி என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். கோயிலில் பொங்கல் பானை இறக்க என்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அதுவரை இந்த ஊரில் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னது கிடையாது. என் பெயர் ஒன்றுதான் நான் சேர்த்துவைத்தது.

மகனிடம் சொன்னேன், எல்லாவற்றையும், ஏணி பிடித்ததிலிருந்து. சத்தியத்தை உடைத்துத்தான் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

"அம்மா, இப்ப இதக் கிளறினா மாமாக்குத்தான் கேவலம். குழுவ விட்டு எடுத்துப் போடுவாங்க. கோயிலையும் விடவேண்டி வரும்."

"அப்ப எனக்குக் கேவலம் இல்லையா?"

"உங்களுக்கு என்னம்மா, நீங்க ஒரு பதவியில இருக்கிற ஆளா? மாமாக்குப் பிறகு நான்தானே. இடையில கரைச்சல் வந்தா மற்றக் குடிக்காரன் பதவியக் கேட்டு வருவான். கொஞ்சம் பொறுங்க."

தம்பி சொன்ன அதே பொறு. துறவி படுத்த கல்மேடையில், புயலுக்குள், இவனைப் பெறுவதற்கு நான் பட்டது நினைவில் வந்தது. அதை அவனுக்குச் சொல்லவில்லை. சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

கந்தோர்ப் பிள்ளை ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. தேத்தண்ணி குடித்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, நீங்களா பூசின?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"பூசினன். அவ்வளவுதான் புள்ள."

"வாற கிழமை மேசன்மாரைக் கொண்டு உடைக்கப் போறம். எழுத்து மிஞ்சுமோ தெரியா."

அதைக் கேட்டதும் என்னால் இருக்க முடியவில்லை. "உளியைத் தொடாதீங்க," என்றேன். "தண்ணியும் அடிக்காதீங்க. கரையில இருந்து அகப்பைக் காம்பால மெல்லக் கிளப்புங்க. கீழ சீலை இருக்கு. சீலையோட மண் கழண்டு வரும். கல்லில கூழ் ஒட்டியிருந்தா இளஞ்சூட்டுத் தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைங்க."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரியாம மெழுகினவங்க சீலை வைக்கமாட்டாங்க அம்மா," என்றாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

நான் சொன்னபடியே செய்தார்கள். நான் போய்த் தூரத்தில் நின்றேன். மண் பாளம் பாளமாக வந்தது. சீலை இடைக்கிடை இற்றுப்போயிருந்தது, ஆனால் மாட்டின் முதுகில் நீலம் அப்படியே இருந்தது, மஞ்சள் கரையும் தெரிந்தது. அதைத் தூக்கியபோது மாட்டின் கண் வந்தது, காது வந்தது. ஆறு வரியும் வந்தது. ஓர் எழுத்து உடையவில்லை. வெயிலும் மழையும் படாததால் நான் மூடியபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

இனி ஊருக்குத் தெரியும், தம்பிக்கும் பயம் போயிருக்கும், குற்றம் இல்லை என்று ஆன பிறகு சொல்வதற்கு என்ன தடை என்று நினைத்தேன்.

நூதனசாலை திறந்த நாளன்று பந்தல் போட்டு, வாழை கட்டி, பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். நான் முதல் வரிசைக்குப் பின்னால் இருந்தேன். கந்தோர்ப் பிள்ளை பேசினாள். கல்லின் மேலே முதலில் துணியை ஒட்டி அதன் மேலே மண் பூசியது சாதாரண வேலை இல்லை, இதைப் படித்தவர்கள் இன்றைக்கும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள், இதைச் செய்தவருக்கு இந்தக் கல் கடன்பட்டிருக்கிறது என்றாள். என் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது ஆரெண்டு ஊரே சொல்லட்டும்," என்று முடித்துவிட்டு இருந்தாள்.

தம்பி எழும்பி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தான். வேட்டியும் சால்வையும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அந்தக் காலத்தில கல்லுக் களவு கூடிப்போச்சு. நான் யோசிச்சன், இதை எப்படியும் காப்பாத்த வேணும். சீமெந்து போட்டா உடையும். அதால அக்காட்ட ஒரு பழைய சீலை வாங்கி, கூழ் காய்ச்சி ஒட்டி, மண் போட்டு மூடினன். இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொன்னா கல்லுக்கு ஆபத்து. கெட்ட பேரையும் பொறுத்துக்கொண்டம்."

கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், பசுக்கொன்ற பாவம் ஒட்டும் என்று சொன்னவளேதான், என் முழங்கையில் தட்டினாள். "உன்ட தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் கா. நீயும் ஒரு சீலை குடுத்திருக்கிறாய், புண்ணியம்."

குற்றமாக இருந்தவரை அது என் வேலை. கெட்டித்தனமானதும் அது அவன் வேலை. நான் என் புதிய சீலையைக் கொடுத்தேன், அதைப் பழைய சீலை என்றான். எட்டு மாதம் நான் சுமந்த கெட்ட பெயரைக்கூடத் தானும் பொறுத்ததாகச் சொன்னான். என் மகன் மேடைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான். அவனுக்கு எல்லாம் தெரியும். அந்தக் கைதட்டலைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். "ஏன் அம்மா நீங்க எழும்பிச் சொல்லல்ல?"

"நான் சொன்னா அது பெருமை பேசுறது புள்ள. அவன் வாயால வந்தாத்தான் அது சாட்சி. ஏணி பிடிச்சவன் அவன் ஒராள்தானே."

கோயில் திருவிழா வந்தது. எங்கள் குடியில் ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்படுகிற நாள் வண்ணக்கர் தாய்வீட்டு வாசலுக்கு மேளத்தோடு வரவேண்டும். குடியில் மூத்த பெண் வெற்றிலை வட்டாவை அவர் கையில் கொடுப்பாள். அந்தக் கையிலிருந்து வாங்காமல் அவர் கோயில் வீதியில் கால் வைக்க முடியாது. தாய்வீடு இப்போது என் வீடு. மூத்த பெண் நான். முப்பத்தைந்து தடவைக்கு மேல் அவன் கையில் அதைக் கொடுத்திருக்கிறேன். "கவனமாப் போய் வா தம்பி" என்பதுதான் அப்போது நான் சொல்கிற வார்த்தை.

காலை எட்டு மணிக்கு மேளம் வந்தது. குடிசனம் முப்பது பேர் இருப்பார்கள், மகனும் நின்றான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் வைத்து வட்டாவோடு வாசலுக்கு வந்தேன்.

"தா அக்கா, நேரம் போகுது."

"தாறன் தம்பி. ஒரேயொரு வசனம் இந்த ஆக்களுக்கு முன்னால சொல்லு. ஆர் ஏறிப் பூசின? ஆர் ஏணி பிடிச்ச? அதச் சொல்லிப் போட்டு வாங்கிக்கொண்டு போ."

மேளம் நின்றது. அவன் முகம் கறுத்தது. அது ஒரு நிமிடம்தான். பிறகு திரும்பி ஆட்களைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா இன்னும் அந்தச் சீலைய விடல்ல பாருங்க. சரி கா, வாற கிழமை காத்தான்குடிக்குப் போறன், ஒண்டுக்கு ரெண்டா வாங்கித் தாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

கொடுக்காமல் உள்ளே போயிருக்கலாம். கோயில் எனக்கு ஒரு கேடும் செய்யவில்லை. சாமி புறப்படாமல் நின்றால் அது என் தாய்க்கும் அவளுடைய தாய்க்கும் வருகிற குறை. இரண்டு கையாலும் வட்டாவை நீட்டினேன்.

"இந்தாங்க வண்ணக்கர். வாங்கிக்கொண்டு போங்க. கவனமாப் போயிட்டு வாங்க."

சிரிப்பு நின்றது. ஊர் ஆட்கள் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வேலைக்காரர் கூப்பிடுவார்கள், மற்றக் குடிக்காரர் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவள் கூப்பிடுவதில்லை.

"என்ன கா இது, ஆரோ வேத்து ஆளோட கதைக்கிற மாதிரி?"

"சாமி காத்திருக்கு. நேரம் போகுது உங்களுக்கு."

வாங்கிக்கொண்டான். இரண்டு பாக்கு கீழே விழுந்தது. மகன் பொறுக்கி வட்டாவில் வைத்தான்.

மடத்துக்கு இப்போது நான் போவதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கூட்டுகிறார்கள். எட்டு அறையிலும் கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பதாகவும், என் சீலைத் துண்டு ஒரு பெட்டிக்குள் இருப்பதாகவும், அதன் கீழே வண்ணக்கர் பெயர் எழுதியிருப்பதாகவும் மகன் வந்து சொன்னான். அவனுக்கு ஒன்று சொன்னேன். "உனக்கு அந்தப் பதவி வாற நாள் நான் உயிரோட இருந்தா வட்டாவைத் தருவன். அண்டைக்கு நான் உன்ன எப்படிக் கூப்பிடுவன் எண்டதை நீ இப்ப இருந்தே யோசி."

போன கிழமை அவன் மாமா வந்தார். ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்திருந்தார். சின்ன வயதில் அவருக்கும் எனக்கும் தயிர் ஆடைக்குச் சண்டை வரும். சட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, "அக்கா" என்றார். அந்த ஒரு வசனம் வருமா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார், மழை பிந்துகிறது என்றார்.

"கதிரையில இருங்க வண்ணக்கர்," என்றேன். "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

வருகிற ஆட்களுக்கென்று வைத்திருக்கிற நல்ல கோப்பையில், பீரிசும் வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார். "சீனி காணாதா? இன்னும் போடட்டா?" என்று கேட்டேன். கோப்பையைப் பீரிசில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.